எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? சென்னைவாசிக்கு ஒரு சுற்றுச்சூழல் அரிச்சுவடி

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பை தொங்குகிறது. அதற்குள் இருப்பதெல்லாம் பைகள். கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள், ஜவுளிக்கடைக் கட்டைப் பைகள், ஏதோ கண்காட்சியில் இலவசமாகக் கிடைத்த சணல் பை, மூன்று மஞ்சப்பை. போன போகிக்கு ஒழித்துப் போடும்போது எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தேழு. அன்று சாயங்காலமே கீழே கடைக்கு வெறுங்கையோடு போய், "ஒரு கவர் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிவந்தேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட அதே கவர்தான். கடைக்காரரும் தயங்கவில்லை, நானும் வெட்கப்படவில்லை.

சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பாக வாழ்வது என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது சில பொருள்கள்: துணிப்பை, மூங்கில் பிரஷ், செம்பு பாட்டில். வாங்கி வைத்துவிட்டால் கடமை முடிந்ததுபோல் இருக்கிறது. ஆனால் பருத்திப் பை மரத்தில் காய்ப்பதில்லை. பருத்திச் செடி குடித்த தண்ணீர், அதற்கு அடித்த பூச்சிமருந்து, நூற்பாலையில் ஓடிய மின்சாரம், சாயப்பட்டறைக் கழிவு எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பை. ஒரே பையை வருஷக்கணக்கில், கைப்பிடி அறுந்தால் தைத்து, கிழியும்வரை தூக்கிப்போனால்தான் அது கவரைவிட மேல். கதவுக்குப் பின்னால் தொங்கும் நாற்பத்தேழும் வெறும் துணிமூட்டை.

அப்படியானால் பொறுப்பு என்பது என்ன? எனக்குப் புரிந்தவரை அது இரண்டு கேள்வி. நான் பயன்படுத்தும் இது எங்கிருந்து வருகிறது? என் கையைவிட்டுப் போனபின் எங்கே போய்ச் சேருகிறது? கார்பன் தடம், நீர்த் தடம், நீடித்த வாழ்வு என்று பெரிய பெரிய சொற்கள் புழங்குகின்றன. பிரித்துப் பார்த்தால் எல்லாமே இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, இந்தக் கேள்விகளுக்கு ஊர்ப்பெயரோடு பதில் கிடைக்கும். குழாய்த் தண்ணீருக்கு வீராணம், நெம்மேலி. மின்சாரத்துக்கு எண்ணூர், வல்லூர். குப்பைக்குப் பெருங்குடி, கொடுங்கையூர். கையைவிட்டுப் போன எதுவும் மறைந்துபோவதில்லை. வேறு யாரோ ஒருவர் வீட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

முதலில் சமையலறை வாளி

"எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்டால் ஈரக்குப்பையில் என்றுதான் சொல்வேன். காய்கறித் தோல், டீத்தூள், மிச்சச் சோறு, வாழையிலை, பூ. சென்னையில் ஒரு நாளைக்குச் சேரும் ஐயாயிரம் டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் பெரும்பங்கு இதுதான். நாங்கள் நாலு பேர். ஒரு வாரம் தராசில் வைத்துப் பார்த்தேன், நாளுக்குச் சராசரியாக 900 கிராம் வந்தது. மாம்பழக் காலத்தில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது.

காய்கறித் தோல் மக்கிப்போகிற பொருள்தானே, அதனால் என்ன கெடுதல்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து மண்ணில் போட்டால் கெடுதலே இல்லை. காற்றுப் படுகிற இடத்தில் மக்கும்போது கொஞ்சம் கரியமில வாயுவும் நல்ல எருவும் கிடைக்கும். அதையே கவரில் கட்டி, மற்ற குப்பையோடு சேர்த்து, மலைபோல் குவித்த மேட்டுக்கு அடியில் அமுக்கினால் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் பிழைக்கிற நுண்ணுயிரிகள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை விடுவது மீத்தேன். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் 80 மடங்குக்குப் பக்கம். அது தீப்பற்றுகிற வாயுவும்கூட. குப்பைமேட்டில் ஒருமுறை தீ பிடித்தால் நாள்கணக்கில் அணையாமல் உள்ளுக்குள் புகைவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நான் இருப்பது மடிப்பாக்கம். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு பற்றியெரிந்தபோது எங்கள் தெருவில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. புகையில் பிளாஸ்டிக் கருகின வாடை. எனக்கு எரிச்சலாக வந்தது, மாநகராட்சியைத் திட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: அங்கே எரிவதில் என் வீட்டு டயப்பரும் கவரும் இருக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். ஒரு காலத்தில் பரந்து கிடந்த சதுப்பில் இன்று மிஞ்சியது சொற்பம். அந்த மிச்சத்துக்கு அதே 2022-ல்தான் ராம்சர் ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. நாமக்கோழியும் நீர்க்காகமும் வலசை வாத்துகளும் ஒரு பக்கம், குப்பைமலை மறுபக்கம். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையைத் தொடங்கினார்கள், நல்லதுதான். பின்பக்கம் சலித்துக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் நாம் கலந்து கொட்டிக்கொண்டே இருந்தால் அந்த வேலை எந்தக் காலத்தில் முடியும்?

ஆகவே முதல் வேலை பிரிப்பது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைச் சட்டமாகச் சொல்லிவிட்டன: மக்கும் குப்பை ஒரு தொட்டியில், மக்காதது வேறொரு தொட்டியில், பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரை போன்ற ஆபத்தானவை தனியாக. நாப்கினையும் டயப்பரையும் பேப்பரில் சுற்றி, என்னவென்று தெரிகிற மாதிரி அடையாளம் போட்டுத் தனியே கொடுக்க வேண்டும். "எப்படியும் வண்டியில ஒண்ணாத்தான் கொட்டுறாங்க, நான் மட்டும் பிரிச்சு என்ன ஆகப்போகுது?" என்று எங்கள் மாடியில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயம்தான், சில நாள் நானே அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் ஒருநாள் பேச்சுக்கொடுத்தபோது அவர் சொன்னது வேறு. "பிரிச்சுக் குடுத்தா எனக்குப் பாதி வேலை மிச்சம் தம்பி. கலந்து குடுத்தா ஊசிப்போன சோத்துக்குள்ள கையை விட்டு டயப்பரை எடுக்கணும்." அதற்குப் பிறகு வண்டியில் என்ன ஆகிறது என்று நான் யோசிப்பதில்லை. வண்டிக்கு முன்னால் ஒரு கை இருக்கிறது.

எரு போடுவது: தோற்றவன் எழுதும் குறிப்பு

பிரித்த ஈரக்குப்பையை வண்டிக்கே கொடுக்கலாம், தவறில்லை. இடமும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே எருவாக்கிவிடலாம். பால்கனி போதும். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என் முதல் முயற்சி படுதோல்வி.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் "வாளியில் போட்டு மூடி வை, தானாக மக்கும்" என்பதுதான். மூடி வைத்தேன். ஒன்பதாம் நாள் எதிர்வீட்டு மாமி கதவைத் தட்டி, "ஏம்ப்பா, உங்காத்துல எலி ஏதாவது செத்துக்கிடக்கா பாரேன்" என்றார். மூடியைத் திறந்தால் கீழே கறுப்புத் தண்ணீர், மேலே நெளிகிற புழு. ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்க் குழிதோண்டிப் புதைத்தேன்.

தப்பு எங்கே என்றால், நான் செய்ததும் ஒரு குட்டிக் குப்பைமேடுதான். உள்ளே காற்றில்லை, ஈரம் அதிகம். மக்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்குச் சமைத்துப்போடுவதுபோல் அளவு பார்த்துப் போட வேண்டும். அவற்றுக்கு ஏறக்குறைய முப்பது பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும். காய்கறித் தோலில் ஈரமும் நைட்ரஜனும் மிகுதி. காய்ந்த சருகில் கார்பன் மிகுதி. இரண்டையும் கலந்தால்தான் பக்குவம் வரும். தராசெல்லாம் வேண்டாம், கைக்கணக்கு போதும்: ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. சருகு கிடைக்காவிட்டால் தேங்காய் நார்த்தூள் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சென்னையில் சருகுக்கா பஞ்சம்? தூங்குமூஞ்சி, புங்கை, வேம்பு என்று தெருவெல்லாம் கொட்டுகிறது. காலையில் கூட்டி ஓரமாகக் குவித்துக் கொளுத்துகிறார்கள். கொளுத்துவதற்கு முன் ஒரு சாக்கு கேட்டு வாங்கினால் பல நாளுக்கு ஆகும், புகையும் மிச்சம்.

இருபது லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று எடுத்து, பக்கவாட்டிலும் அடியிலும் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போடுங்கள். அடியில் ஒரு தட்டு. முதலில் நாலு விரல்கடை சருகு. அன்றன்றைய கழிவை நறுக்கிப் போட்டு மேலே சருகால் மூடிவிட வேண்டும், தோல் வெளியே தெரியக் கூடாது. தொடக்கத்தில் ஒருமுறை அரை டம்ளர் புளித்த மோர் தெளித்தால் மக்குவது சூடுபிடிக்கும். யார் வீட்டிலாவது பழைய எரு ஒரு பிடி கிடைத்தால் அது இன்னும் மேல். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கம்பால் கிளறிவிடுங்கள், அதுதான் உள்ளே போகிற காற்று.  வாளி நிறைந்ததும் அதைத் தள்ளிவைத்து அடுத்த வாளியை ஆரம்பிக்க வேண்டும். தள்ளிவைத்தது ஆறு ஏழு வாரத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்வாசனையோடு இருக்கும். நாறினால் ஈரம் கூடிவிட்டது, சருகு போடுங்கள். பல நாள் ஆகியும் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாளியைச் சாரல் படாமல் உள்ளே இழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி எலி கதைதான்.

புழு வந்தால் பதற வேண்டாம். சப்பையாக, பழுப்பு நிறத்தில், கொஞ்சம் தடித்து இருந்தால் அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை நம்மைவிட வேகமாகத் தின்று தீர்க்கும். மீன் முள், கறி எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றை மட்டும் முதல் ஆறு மாதத்துக்கு வாளியில் சேர்க்காதீர்கள். எலுமிச்சைத் தோலைக் கொஞ்சமாகப் போடலாம்.

எருவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மொட்டைமாடியில் இரண்டு கத்தரிச்செடி, ஒரு பசலைக்கொடி வைத்தாலே போதும், எரு பற்றாமல் போய்விடும்.

காயலாங்கடைப் பரீட்சை

பிளாஸ்டிக் சாமான்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அதை மறுசுழற்சிக்கான வாக்குறுதி என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும் எண் மட்டுமே. ஒரு பொருள் உண்மையிலேயே மறுசுழற்சிக்குப் போகுமா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை ஒன்றுதான்: காயலாங்கடைக்காரர் அதற்குக் காசு கொடுப்பாரா? அட்டைப்பெட்டி, நியூஸ்பேப்பர், இரும்பு, அலுமினியம், தண்ணீர் பாட்டில், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்துக் கொடுத்தால் அதுவும் போகும். பால் பாக்கெட்டின் ஓரத்தை வெட்டும்போது அந்தச் சின்ன முக்கோணத் துண்டைத் தனியாக விழவிடாதீர்கள், அது யார் கையிலும் அகப்படாமல் நேரே சாக்கடைக்குப் போகிற பொருள்.

சிப்ஸ் பாக்கெட்டையும் ஷாம்பு சாஷேயையும் நீட்டினால் அவர் சிரிப்பார். அவற்றில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டிக்கிடக்கின்றன, பிரித்தெடுக்க வழியில்லை. அதிகபட்சம் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகலாம். ஆகவே இந்த வகையில் செய்யக்கூடியது ஒன்றே: வாங்குவதைக் குறைப்பது. முதலில் குறைப்பு, அடுத்து மறுபடி மறுபடி பயன்படுத்துவது, கடைசியில்தான் மறுசுழற்சி. இந்த வரிசை தலைகீழாகிப்போனதால்தான் "ரீசைக்கிள் ஆகிற பாட்டில்தானே" என்று தினம் ஒன்று வாங்குகிறோம்.

ஓட்டலுக்கு எவர்சில்வர் தூக்கு எடுத்துப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை கூச்சமாக இருக்கும். சூடான சாம்பாரைக் கவரில் ஊற்றி ரப்பர்பேண்டு போட்டு வாங்குவதுதான் கூச்சப்பட வேண்டிய காரியம் என்று மூன்றாம் தடவை தோன்றிவிடும். கூடவே ஒரு லாபம், தூக்கைப் பார்த்தால் மாஸ்டர் ஒரு கரண்டி தாராளமாக ஊற்றுகிறார்.

தண்ணீர்

2019 ஜூன் மாதத்தைச் சென்னையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதற்கு நாலு வருஷம் முன்னால், 2015 டிசம்பரில், இதே ஊர் வெள்ளத்தில் மிதந்தது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு தனி நோய் என்று நாம் நினைக்கிறோம். எனக்கு அவை ஒரே நோயின் இரண்டு அறிகுறியாகப் படுகின்றன. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குறைவான மழை இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதைப் பிடித்துவைக்கும் பாத்திரங்களை நாம்தான் தூர்த்தோம். தி. நகர் இருக்கும் இடத்தில் 1920-களுக்கு முன் நீண்ட ஏரி இருந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடம்.

இப்போது தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. அந்த ஏரிக்குத் தண்ணீர் வருவதோ கொள்ளிடத்திலிருந்து, அதாவது காவிரியிலிருந்து. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வருகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நாலு யூனிட் மின்சாரம் வேண்டும், பிரித்த உப்புக்கரைசல் மறுபடி கடலுக்கே போகும். அதாவது நாம் பல் தேய்க்கும்போது திறந்துவிடும் குழாயில் காவிரியும் கிருஷ்ணையும் வங்காள விரிகுடாவும் கொஞ்சம் நிலக்கரியும் ஓடுகின்றன. தண்ணீரை மிச்சப்படுத்தினால் மின்சாரமும் மிச்சமாகும் என்பது இதனால்தான்.

மொட்டைமாடியைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு சமன்பாட்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எங்கள் அடுக்ககத்தின் மாடி 2,000 சதுர அடி, அதாவது சுமார் 186 சதுர மீட்டர். 1,400-ஆல் பெருக்கினால் 2,60,000 லிட்டர். ஆவியானது, தெறித்தது, அழுக்கோடு விட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் நிற்கும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் அளந்தால் பதினேழு லாரி. கோடையில் லாரிக்குப் போன் போட்டுக் கெஞ்சுகிறோமே, அந்த லாரிகள் வருஷா வருஷம் நம் தலைக்குமேல் வந்து, சைடு பைப் வழியாக இறங்கி, தெருச் சாக்கடையில் போகின்றன.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சென்னையில் பல இடங்களில் அதற்குப்பின் நிலத்தடி நீர் உயர்ந்ததைக் கிணறு வைத்திருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? சட்டம் குழாயைப் போடவைத்தது. கசடெடுக்க யாரையும் நியமிக்கவில்லை. உங்கள் கட்டடத்திலும் ஒரு மூலையில் சிமென்ட் மூடி போட்ட குழி இருக்கும். அதைக் கடைசியாகத் திறந்தது யார், எப்போது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மூடிமேல் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

குழியின் வேலை எளிது. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அதில் முடியும். உள்ளே மேலிருந்து மணல், சிறு ஜல்லி, பெரிய ஜல்லி என்று அடுக்கு. தண்ணீர் வடிந்து மண்ணுக்குள் இறங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணற்பாங்கான இடத்தில் சாதாரணக் குழியே தாராளம். களிமண் உள்ள இடத்தில் அது ஊறாது, களிமண்ணைத் தாண்டி ஆழத்துக்குப் போகும் உறைக்கிணறு அல்லது குழாய் வேண்டும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் கீழே பாறை வந்துவிடும். பக்கத்துத் தெருவில் என்ன செய்தார்கள் என்று பார்த்து அப்படியே காப்பியடிப்பதைவிட, போர் போட்டவரிடம் எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்று விசாரிப்பது நல்லது. மாடித் தண்ணீரை வடிகட்டி நேரே சம்ப்புக்கும் விடலாம். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும், அதில் பல மாதத் தூசியும் புறா எச்சமும் இருக்கும். சம்ப் நிறைந்தபின் மிச்சம் குழிக்குப் போகிறபடி வைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வீணாகாது.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள். ஒரு வாளிக் குளியலுக்குப் பதினைந்து இருபது லிட்டர். ஷவர் நிமிஷத்துக்கு எட்டுப் பத்து லிட்டரை இறக்கிவிடும். குழாய் முனையில் திருகி மாட்டும் ஏரேட்டர் சல்லடை நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், பாத்திரம் கழுவும் தண்ணீர் பாதியாகக் குறையும். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்தது, தினமும் செடிக்கு ஊற்றாதீர்கள். அதைவிட முக்கியம், உங்களுக்கு ஆர்.ஓ. வேண்டுமா என்று பார்ப்பது. டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, அதை அளக்கும் பேனா போன்ற கருவி சில நூறு ரூபாய்தான். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்பது பசுமைத் தீர்ப்பாயமே ஏற்றுக்கொண்ட அளவு. போர் தண்ணீர்க்காரர்களுக்கு அது இல்லாமல் தீராது, அது வேறு விஷயம்.

ஏ.சி. சொட்டுவதையும் பிடித்து வைக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவில் ஒரு வாளிகூடச் சேரும். உப்பே இல்லாத தண்ணீர், செடிக்கு ஊற்றலாம்.

மின்சாரமும் வண்டியும்

சுவிட்ச் போட்டால் வருவது சுத்தமான சக்தி என்று தோன்றும், ஏனென்றால் புகை நம் வீட்டில் இல்லை. புகைக்கூண்டு இருப்பது எண்ணூர், வல்லூர் பக்கம். நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மீனவர்களின் வலையில் சேறாக வருகிறது. இந்தியாவில் சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. இந்த எண்ணை வைத்து உங்கள் கரண்ட் பில்லைப் பெருக்கிப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 350 கிலோ. கார்பன் தடம் என்ற பெரிய சொல்லுக்கு அர்த்தம் இப்படிப்பட்ட பெருக்கல்கள் மட்டும்தான்.

போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதில் மிச்சமாவது அற்பம். பெரிய செலவாளி ஏ.சி.தான். 22-க்குப் பதில் 26-ல் வைத்து மேலே மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய ஆறு சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. அடுத்தது மின்விசிறி. பழைய விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. என்கிற புதுவகை மோட்டார் வைத்த விசிறி 30 வாட்டுக்குப் பக்கம். நாளுக்குப் பதினைந்து மணிநேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் குறையும், மூன்று விசிறிக்கு 120. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல விசிறியைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. பழுதாகும்போது மாற்றுங்கள். கடைசி மாடியில் இருப்பவர்கள் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் பெயின்டோ அடித்துவிட்டு அறைக்குள் வந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வண்டிக் கணக்கு இன்னும் சுலபம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் காரில் தனியாளாக மாதம் 750 கிலோமீட்டர் போனால் 115 கிலோ. பைக் என்றால் மூன்றில் ஒரு பங்கு. நான் பரங்கிமலை வரை பைக்கில் போய், அங்கிருந்து நுங்கம்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் போகிறேன். புண்ணியத்துக்காக இல்லை, சைதாப்பேட்டைப் பாலத்து நெரிசல் பிடிக்காததால். பெரும்பாலும் நல்ல பழக்கங்கள் இப்படித்தான் நிலைக்கின்றன: வேறு ஏதோ ஒரு வசதி பின்னால் இருந்து தள்ள வேண்டும். மழைக்காலத்தில் சில நாள் ஆட்டோவில் போகிறேன், ஒளிப்பானேன்.

போகியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழையன கழிதல் என்று பாயையும் விளக்குமாற்றையும் எரித்த காலம் வேறு. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்ததில் 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் போனது. கழிப்பதற்கு இப்போது காயலாங்கடை இருக்கிறது. பழைய துணியைத் தரைத்துணியாகக் கிழித்துக்கொள்ளலாம். எங்கள் பாட்டி பழைய புடவைகளை அடுக்கித் தைத்தே எங்களுக்கெல்லாம் மெத்தை விரிப்பு செய்தாள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் பார்த்துக் களைத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். முதல் மாதம் வெறுமனே பிரித்துக் கொடுங்கள். இரண்டாம் மாதம் எரு வாளி. பில் வரும்போது மின்சாரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். மழைநீர்க் குழிக்கு மட்டும் காலம் தவறக் கூடாது. புரட்டாசியில் திறந்து மணலைக் கழுவி, ஜல்லியைப் புரட்டி, மாடிக் குழாய் வாயில் கம்பிவலை மாட்டிவிட வேண்டும். ஐப்பசி அடைமழை வந்தபின் திறந்தால் பயனில்லை.

எங்கள் கட்டடத்துக் குழியைப் போன புரட்டாசி முதல் ஞாயிறன்று திறந்தோம். ஸ்கூட்டரை நகர்த்தி, கடப்பாரையால் நெம்பி, மூடியை எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டது. உள்ளே ஒரு முழம் உயரத்துக்குக் கெட்டிச் சேறு, ஒரு ரப்பர் பந்து, ஷாம்பு சாஷேக்கள். எதிர்வீட்டு மாமி மேலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தச் சேத்தைத் தூக்கிப் போட்டுடாதேப்பா, காயவெச்சு என் துளசித் தொட்டிக்குக் கொஞ்சம் குடு" என்றார். பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு ஒரு வாளி கொடுத்தேன். கூடவே என் எருவும் இரண்டு பிடி.